வெறுந்தரைத் தேனீக்கள்: டூசான் குறிப்புகள்

ஏப்ரல் 24

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவன நகரமான டூசானில், பாலோ வெர்டே என்ற பாலைவன மரங்கள் தெருவெங்கும் மஞ்சளாகப் பூத்துத் தள்ளுகின்றன. குடியிருப்புக்குப் பின்னால் புல்லும் முளைக்காத வெறுந்தரை ஒன்று உண்டு. காலையில் அங்கே ஆண் தேனீக்கள் தரையை ஒட்டித் தாழப் பறந்து மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. சென்ட்ரிஸ் பல்லிடா என்ற இனம். வெளிவரக் காத்திருக்கும் பெண் தேனீயை மண்ணுக்கு மேலிருந்தே வாசனையால் கண்டுபிடித்துவிடும். ஒன்று என் காலருகே இறங்கி முன்கால்களால் பரபரவென்று தோண்டியது. புழுதி பின்னால் தெறித்தது. குழி ஆழமாவதற்குள் அதைவிடப் பெரிய ஆண் வந்து மோதி, இரண்டும் கட்டிப் புரண்டன. இப்படிச் சண்டைபோட முடியாத சிறிய ஆண்கள் மரங்களைச் சுற்றிப் பறந்து பெண்களுக்காகக் காத்திருக்கும்.

மே 3

சப்பாத்திக்கள்ளி பூத்துவிட்டது. டயடேசியா என்ற கள்ளித் தேனீ பூவுக்குள் தலைகுப்புற விழுந்து மகரந்தத் தாள்களுக்கிடையே புகுந்துகொள்கிறது. தொட்டதும் தாள்கள் உள்நோக்கி வளைந்து அதை மூடிக்கொள்கின்றன! விரல் நுனியால் நானும் தொட்டுப் பார்த்தேன், மெல்ல வளைந்தன. தேனீ வெளியே வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சள் தூள்.

மே 11

குடியிருப்பு நிர்வாகத்தார் வெறுந்தரையில் பிளாஸ்டிக் விரித்துச் சரளைக்கல் கொட்டப்போகிறார்களாம். பேசிப் பார்த்தேன். "பூச்சிகள் போனபிறகு, ஜூனில் போடுகிறோம்" என்றார்கள். அவர்கள் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் ஜூனில் மேலே ஒன்றும் பறக்காதே தவிர, அடியில் அடுத்த ஏப்ரலுக்கான குஞ்சுகள் அத்தனையும் இருக்கும். தாய் வைத்துவிட்டுப் போன உணவைத் தின்று வளர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிப்பவை அவை. இதை விளக்கிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"தேனீயைக் காப்போம்" என்று பக்கத்து வீட்டார் தேன்பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் பெட்டியில் வளரும் அந்தத் தேனீ 1622 வாக்கில் ஐரோப்பியர்கள் வர்ஜீனியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தது. அமெரிக்காவின் சொந்தத் தேனீ இனங்கள் ஏறத்தாழ 4,000. பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றில் முக்கால்வாசிக்கு மண்தான் வீடு. பெட்டி அவற்றுக்கு உதவாது. பூ குறைவான இடமாக இருந்தால் போட்டிதான் கூடும்.

ஜூலை 19

மழை பிடித்துவிட்டது. இந்தப் பாலைவனத்துக்கு இது இரண்டாவது பூக்காலம், அதனால் தேனீக்களுக்கும். மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கில், வெறும் 16 சதுர கிலோமீட்டரில் 500 இனங்களுக்கு நெருக்கமாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பச்சைக் காடுகளைவிட இந்த வறண்ட மண்ணுக்குத்தான் தேனீ வளம் அதிகம் என்பதை ஊர்க்காரர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 2

தோட்டத்தில் பூசணிப்பூக்கள் விடியுமுன்னே விரிந்துவிட்டன. பூசணித் தேனீக்களும் அப்போதே வந்துவிட்டன. பத்து மணிக்கு மேல், வாடி மூடிய பூ ஒன்றை மெல்லப் பிரித்தால் உள்ளே ஆண் தேனீ தூங்குகிறது. இந்த இனம் இங்கே காட்டுப்பூசணியோடு வாழ்ந்தது. பழங்குடி மக்கள் பூசணிப் பயிரை வடக்கே கொண்டுபோகப் போக, கூடவே கனடா வரை போய்ச் சேர்ந்தது. பெண் தேனீ செடிக்குப் பக்கத்திலேயே மண்ணைத் துளைத்து முட்டையிடுகிறது. அறுவடைக்குப் பிறகு அந்தப் பாத்தியை ஆழக் கொத்தப்போவதில்லை.

ஆகஸ்ட் 16

என் கடிதத்துக்குப் பதில் வந்தது. மரத்தடியில் பாதித் தரையை அப்படியே விடுகிறார்களாம், மீதிக்குச் சரளை. சரி, அந்தப் பாதியில் எங்கெல்லாம் ஏப்ரலில் குழிகள் இருந்தன என்று படம் வரைந்து நாளை கொடுக்க வேண்டும்.