பாதி மூளை மோடமும் ரெட் ஹாட் 9-ம்

2003 மே மாதம், கல்லூரி விடுமுறைக்குக் கோவில்பட்டி வந்திருந்தபோது, வீட்டுக் கணினியில் இருந்த விண்டோஸ் 98-ஐ நான் அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. நண்பன் எழுதிக் கொடுத்த ரெட் ஹாட் லினக்ஸ் 9 என்ற இயங்குதளத்தின் மூன்று சிடிக்களை வைத்துக்கொண்டு, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போடுவதுதான் திட்டம். வட்டைப் பிரிக்கும் இடத்தில் மூன்று வழிகள் காட்டும். முதலாவது, லினக்ஸ் பார்ட்டிஷன்களை மட்டும் நீக்குவது. இரண்டாவது, எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்குவது. மூன்றாவது, எதையும் தொடாமல் காலி இடத்தைப் பயன்படுத்துவது. இரவு பன்னிரண்டு மணிக்கு முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

காலையில் லினக்ஸ் அழகாக எழுந்தது. விண்டோஸ் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அக்காவும் அத்தானும் துபாயில் இருந்தார்கள். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று சாயங்காலம் யாஹூ மெசஞ்சரில் அம்மாவோடு பேசுவார்கள். அம்மா சொல்வதை நான் தட்டுவேன், வருவதைப் படித்துக் காட்டுவேன். நான் விண்டோஸை அழித்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது.

தொலைபேசி வயர் வழியே இன்டர்நெட்டில் இணைக்கும் மோடம், கணினிக்குள்ளேயே செருகியிருந்த கார்டு. கணினி வாங்கியபோது 450 ரூபாய் கொடுத்துச் சேர்த்தது. விண்டோஸில் அது காம்3 என்ற போர்ட்டில், அதாவது இணைப்பு வாயிலில், இருப்பதாகக் காட்டும். லினக்ஸில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் காம்3 என்பது டிடிஒய்எஸ்2 ஆகும் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். மோடத்தோடு நேராகப் பேச உதவும் மினிகாம் என்ற நிரலைத் திறந்து, அந்தப் போர்ட்டைக் கொடுத்து, மோடத்தைக் கூப்பிடும் கட்டளையான "ஏடி" என்று தட்டினேன். நல்ல மோடம் என்றால் "ஓகே" என்று பதில் சொல்ல வேண்டும். நான் தட்டிய எழுத்துகூடத் திரையில் வரவில்லை. எஸ்0 முதல் எஸ்3 வரை எல்லாவற்றையும் முயன்றேன். எஸ்0-ஐத் திறந்தபோது மவுஸ் நின்றுபோனது. எங்கள் மவுஸ் சீரியல் மவுஸ், அது உட்கார்ந்திருந்த இடமே அந்தப் போர்ட்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அடுத்து எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினேன். கணினிக்குள் என்னென்ன கார்டு இருக்கிறது என்று அது ஒவ்வொரு வரியாகச் சொல்லும். கடைசி வரியில் "லூசன்ட் மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் 56கே வின்மோடம்" என்று வந்தது. அந்த "வின்" என்ற முன்னொட்டைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. அதைத் தாளில் குறித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு நடந்தேன்.

ஒரு மணி நேரத் தேடலில் விஷயம் பிடிபட்டது. ஒரு முழு மோடத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, எண்களைச் சத்தமாகவும் சத்தத்தை எண்களாகவும் மாற்றுவது. அதைச் செய்ய ஒரு சிக்னல் ப்ராசஸர் இருக்கும். இன்னொன்று, "ஏடி" கட்டளைகளைப் புரிந்துகொள்வது, பிழை திருத்துவது, தரவைச் சுருக்குவது. அதற்கு ஒரு கன்ட்ரோலர் இருக்கும். என் கார்டில் சிக்னல் ப்ராசஸர் இருந்தது, கன்ட்ரோலர் இல்லை. அந்த வேலையை, கார்டை இயக்கும் நிரலான விண்டோஸ் டிரைவர் கணினியின் ப்ராசஸரிடம் வாங்கிக்கொண்டிருந்தது. கார்டு மலிவாகக் கிடைத்ததன் ரகசியமும் இதுதான். நான் வட்டை அழித்த ராத்திரியில் மோடத்தின் மூளையில் பாதியையும் சேர்த்தே அழித்திருக்கிறேன். அந்த நாட்களில் இதைவிட மோசமான கார்டுகளும் இருந்தன. அவற்றில் சிக்னல் ப்ராசஸர்கூட இருக்காது, தொலைபேசி வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகம் மட்டும்தான். அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் நல்ல நேரம். லூசன்ட் சில்லுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது. மூலநிரலைக் காட்டாமல் நிறுவனம் மூடியே கொடுத்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு, அதை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு ஒட்டவைக்கத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த நிரல், இரண்டும் ஒரே பொட்டலமாகக் கிடைத்தன.

இன்டர்நெட் வேண்டுமானால் டிரைவர் வேண்டும், டிரைவர் வேண்டுமானால் இன்டர்நெட் வேண்டும். நடுவில் பாலம் ஃப்ளாப்பிதான். சென்டர் அண்ணாச்சி ஒரு ஃப்ளாப்பி பத்து ரூபாய் என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தால், பாதியில் கோப்பு முடிந்துவிட்டது என்ற பிழை. ஃப்ளாப்பி கெட்டிருந்தது. திரும்பப் போனேன். இந்த முறை மூன்று ஃப்ளாப்பியில் ஒரே கோப்பை மூன்று முறை எழுதிக்கொண்டேன். அங்கிருந்த பிரவுசர் கோப்புப் பெயரில் இருந்த புள்ளி ஒன்றை அடிக்கோடாக மாற்றி வைத்திருந்தது. அதைச் சரிசெய்யவும் ஒரு மணி நேரம் போனது. மூன்றாம் தடவை வாசலில் தலையைக் கண்டதும் அண்ணாச்சி கேட்டார்: "என்ன தம்பி, மறுபடி ஃப்ளாப்பியா? பேசாம விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். அதற்குள் அது ரோஷப் பிரச்சினையாகிவிட்டிருந்தது.

டிரைவரைக் கம்பைல் செய்ய, அதாவது கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற, கர்னல் மூலநிரல் வேண்டும். அது இரண்டாவது சிடியிலேயே இருந்தது. நிறுவி, பொட்டலத்தில் இருந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஐந்து நிமிடம் திரையில் எழுத்துகள் ஓடி, பிழை இல்லாமல் முடிந்தது. அப்படிக் கிடைத்த டிரைவர் கோப்பான மாட்யூலை ஏற்றினால் பதிப்பு பொருந்தவில்லை என்று கர்னல் தள்ளிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த கர்னலின் பெயர் 2.4.20-8. மாட்யூல் தன்னை 2.4.20-8கஸ்டம் என்று சொல்லிக்கொண்டது. எங்கிருந்து வந்தது இந்தக் "கஸ்டம்"?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்த ஒரு சொல்லுக்கே போயின. பதில் மூலநிரலின் மேக்ஃபைலில், அதாவது எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பில், மேலிருந்து நான்காவது வரியில் இருந்தது. யாராவது கர்னலைத் தாங்களே கட்டினால் அது மூலக் கர்னலின் மாட்யூல்களை மேலெழுதிவிடக் கூடாது என்பதற்காக, ரெட் ஹாட் அங்கே பெயரின் வாலில் வேண்டுமென்றே "கஸ்டம்" சேர்த்து வைத்திருந்தது. நல்ல ஏற்பாடுதான், என் போன்ற ஆளுக்குத்தான் அது கண்ணிவெடி. அந்தச் சொல்லை அழித்தேன். கான்ஃபிக்ஸ் அடைவிலிருந்து என் ப்ராசஸருக்கு உரிய கோப்பை எடுத்து உரிய இடத்தில் வைத்து, மறுபடி எல்லாவற்றையும் கட்டினேன். இந்த முறை மாட்யூல் ஏறியது. கர்னல் மட்டும், மூடிய நிரல் உள்ளே வந்ததால் தான் கறைபட்டுவிட்டதாக ஒரு வரி முணுமுணுத்தது. இருக்கட்டும்.

புதிதாக டிடிஒய்எல்டி0 என்று ஒரு சாதனம் முளைத்திருந்தது. மினிகாமில் அதைக் கொடுத்து "ஏடி" தட்டினேன்.

ஓகே.

அந்த இரண்டு எழுத்துக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "கிடைச்சுட்டாளா அக்கா?" என்று கேட்டாள். இல்லம்மா, மோடம் பேசுது என்றேன். அம்மா திரும்பிப் போய்விட்டாள்.

எண்ணைக் கொடுத்து டயல் செய்யச் சொன்னேன். ஸ்பீக்கரில் டயல் டோன் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்டது, மோடத்துக்குக் கேட்கவில்லை. "டயல் டோன் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். டயல் டோன் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து வரும். நம் ஊரில் 400 ஹெர்ட்ஸ் ஒலி, அது 25 ஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டே வரும். அந்த லேசான உறுமல் அதனால்தான். விண்டோஸில் நிறுவும்போதே எந்த நாடு என்று கேட்டு வைத்துக்கொள்ளும். இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மோடம் அமெரிக்க டோனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தீர்வு இரண்டே எழுத்துதான். துவக்கக் கட்டளையில் "எக்ஸ்3" என்று சேர்த்தால், டோனுக்குக் காத்திராமல் நேராக டயல் செய்யும். சேர்த்தேன். டயல் ஆனது. அப்புறம் அந்தப் பழக்கமான கீச்சு, இரைச்சல், மறுபடி கீச்சு. அந்தச் சத்தத்தை இவ்வளவு ஆசையாக அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

இணைப்பு வேலைக்கு டபிள்யூவிடயல் என்ற நிரல். அதற்கென ஒரு சிறு கோப்பில் எண், பெயர், பாஸ்வேர்ட், துவக்கக் கட்டளை எழுதிக் கொடுத்தால் போதும். "கனெக்ட் 115200" என்று வந்ததைக் கண்டு அப்பா, "பழைய வேகத்தைவிட ரெண்டு மடங்கா?" என்று சந்தோஷப்பட்டார். அது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வேகம். தொலைபேசி வயரில் போகும் வேகத்தைச் சொல்ல "டபிள்யூ2" என்று தனியே கேட்க வேண்டும். கேட்டால் 44,000 பக்கம் சொன்னது. பெட்டியில் போட்டிருந்த 56,000 ஒரு நாளும் வந்ததில்லை.

ஆனால் உள்ளே போக முடியவில்லை. கேரியர் (மறுமுனை மோடத்தின் ஒலி) கிடைத்துவிட்டது, பிராம்ப்டுக்கு (பெயர் கேட்கும் வரிக்கு) காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிரல் அப்படியே நின்றது. மறுமுனையில் இருந்த சர்வரோ பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்று எழுத்தில் கேட்கும் வழக்கம் இல்லாதது, தொலைபேசி வயரில் இன்டர்நெட் தரவை அனுப்பும் நெறிமுறையான பிபிபி-யை நேரே பேசும் வகை. இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துச் சும்மா இருந்தார்கள். ஒரு நிமிடம் கழித்து டபிள்யூவிடயல் ஒரு செய்தி போட்டது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என்ன செய்வதென்று தெரியவில்லை! நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில் பிபிபிடி-யைத் தொடங்குகிறேன்." பிபிபிடி என்பது பிபிபி பேசும் நிரல். இவ்வளவு நேர்மையான நிரலை நான் பார்த்ததில்லை. நல்லது மட்டும் நடக்கவில்லை. அதற்குள் மறுமுனை வைத்துவிட்டது.

அதன் கையேட்டுப் பக்கத்தில் "ஸ்டுபிட் மோட்" என்று ஒரு அமைப்பு இருந்தது. அதாவது முட்டாள் நிலை. அதற்கு 1 என்று கொடுத்தால், நிரல் புத்திசாலித்தனமாக எதையும் யூகிக்காமல், இணைப்பு கிடைத்த உடனே பிபிபி-யைத் தொடங்கிவிடும். கொடுத்தேன். ஐந்தே நொடியில் ஐபி முகவரி வந்தது.

வியாழன் இரவு பத்தரை மணி. மொசில்லா பிரவுசரைத் திறந்தால் எந்தப் பக்கமும் வரவில்லை. இரண்டு தப்பு மிச்சம் இருந்தது, இரண்டுமே என்னுடையவை. ரெட் ஹாட் நிறுவும்போது, வெளியே போகும் வழியான கேட்வேயின் முகவரி கேட்டது. வீட்டில் நெட்வொர்க்கே இல்லாத நான், தேர்வில் காலியாக விடக் கூடாது என்பதுபோல, 192.168.1.1 என்று எழுதி வைத்திருந்தேன். போக்குவரத்து எல்லாம் ஆளில்லாத அந்த ஈதர்நெட் கார்டு வழியே போகப் பார்த்தது. ஏற்கெனவே உள்ள வழியை மாற்ற மாட்டேன் என்று பிபிபிடி பதிவுக் கோப்பில் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்த முகவரியை நீக்கினேன். இன்னொன்று, தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். சர்வர் தந்த இரண்டு எண்களும் பிபிபி அடைவில் ஒரு கோப்பில் பத்திரமாகக் கிடந்தன. கணினி வழக்கமாகப் பார்க்கும் ரிசால்வ் கோப்பில் அவற்றை யாரும் கொண்டு சேர்க்கவில்லை. கையாலேயே எழுதிச் சேர்த்தேன். பக்கம் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெய்ம் என்ற அரட்டை நிரல் வழியாக யாஹூவுக்குள் நுழைந்தோம். அக்கா இருந்தாள். பத்து நிமிடம் பேசியிருப்பார்கள், இணைப்பு அறுந்தது. அறையில் இருந்த இன்னொரு ஃபோனை அப்பா எடுத்திருந்தார். அது விண்டோஸிலும் நடப்பதுதான், லினக்ஸ் மேல் பழி போட முடியாது.

கோப்பில் நான் கவனிக்காத ஒரு வரியும் இருந்தது. டபிள்யூவிடயல், இணைப்பு அறுந்தால் தானே மறுபடி டயல் செய்யும். அதுதான் அதன் இயல்பு நிலை, வேண்டாம் என்றால் நாம்தான் அணைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி, மொசில்லாவை மூடி, மானிட்டரை அணைத்துவிட்டுப் படுத்தேன். டபிள்யூவிடயல் வேறொரு டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். ராத்திரி லைன் எத்தனை தடவை அறுந்ததோ, அத்தனை தடவையும் அது சளைக்காமல் டயல் செய்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு அப்பா யாருக்கோ பேச ஃபோனை எடுத்தால் காதுக்குள் கர்ரென்று இரைச்சல். வாங்கி வைத்திருந்த 25 மணி நேரக் கணக்கில் ஏழு மணி நேரம் காணோம். தொலைபேசி மீட்டர் தனி.

அந்த வரியை அன்று காலையே "ஆஃப்" என்று மாற்றினேன். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மோடத்துக்குப் போகும் வயரைக் கழற்றிச் சுருட்டித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கித்தான் மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கேட்காமலேயே மேசைமேல் இருக்கும்.