எந்த ஜீப்பில் அனுப்புவது?

இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதியில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். விடுமுறைக்கு வருகிறவர்கள் கடலில் இரண்டு நாள் கழித்ததும் கேட்பது ஒன்றுதான்: றோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் ஓடும் ஜீப் இருக்கிறதா?

ஆரம்பத்தில் காசு குறைத்துச் சொன்னவரிடமே அனுப்பிவிடுவேன். ஒருமுறை ஒரு தாயும் மகளும் குமண தேசியப் பூங்காவுக்குப் போனார்கள். வழியில் நின்ற தனியன் யானைக்குக் கிட்ட ஜீப்பைக் கொண்டுபோய், அது காதை விரித்து நிற்க, இஞ்சினை உறுமவிட்டுப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார் சாரதி. அன்று இரவு அந்தப் பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை. அனுப்பியது நான்.

இப்போது விலையைக் கடைசியில்தான் சொல்கிறேன். குமணவுக்குள் போட்ட பாதையை விட்டு வாகனம் இறங்கக்கூடாது, நினைத்த இடத்தில் ஆளும் இறங்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். குலுக்கல் வேண்டுமென்றால் பாணமையிலிருந்து உகந்தை வரையான கிறவல் பாதையே போதும். மாரியில் அங்கே சேற்றில் சில்லுப் புதையும். பறவை பார்க்கிறவர்களுக்கு மே முதல் ஜூலை வரை குமண வில்லு என்ற ஆழமில்லாத நீர்நிலை. நாரைகள் கூடு கட்டும் காலம். முதுகு நோவுள்ளவர்களைக் கல்லோயாவுக்குப் போகச் சொல்வேன். 1954இல் அமைந்த பூங்கா அது. அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகில் இருந்தபடியே, தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்க்கலாம். கைக்குழந்தையோடு வந்தால் லாகுகலைக் குளம். கோடையில் பின்னேரம் யானைகள் புல்லுக்கு இறங்கும், பெரிய றோட்டுக்குப் பக்கத்திலேயே.

சாரதி விசயத்தில்தான் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பொத்துவிலில் ஒரு சாரதி இருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல ‘காக்கா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

“காக்கா, நாளைக்கு நாலு பேர். சின்னப்பிள்ளையும் இருக்கு.”

“அப்ப விடியச்சாமம் நாலரைக்கு வாறன் தம்பி. பின்சீற்றுக்கு மெத்தை போடுறன்.”

யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுவார். கால் மணித்தியாலம் அசைய மாட்டார். யானை புல்லைப் பிடுங்கி முன்காலில் தட்டும் சத்தம் கேட்டது என்று வந்து சொன்னவர்கள் உண்டு.

போன ஜூலையில் அவர் கூட்டிப்போனவர்கள் உகந்தை முருகன் கோயிலடியில் நெடுநேரம் நின்றுவிட்டார்கள். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் மூட்டையைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு அதே காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்களாம். ஜீப்பில் இருந்த தண்ணீர்ப் போத்தல்கள் முழுவதையும் காக்கா அவர்களிடம் கொடுத்துவிட்டார். பயணிகளுக்குப் பாணமைக்கு வந்துதான் இளநீர் வாங்கினாராம்.