போஸ்டரில் படம் போடும் வரிசை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன் போடுவது என் வேலை. எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். எந்தக் கட்சியில் யார் கை ஓங்குகிறது, யாரை ஓரங்கட்டுகிறார்கள் என்பது பத்திரிகைக்குப் போகும் முன்பே எங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். மேலே தலைவர், பக்கத்தில் 'மாவட்டம்', கீழே 'பகுதி', அப்புறம் 'வட்டம்' என்று அந்தந்தச் செயலாளர்கள். ஒரு படத்தைச் சுருக்கச் சொன்னால் அந்த ஆளின் கதை முடியப்போகிறது என்று அர்த்தம்.

தலைவர் பிறந்தநாளுக்கு வருஷாவருஷம் சொந்தக் காசில் போஸ்டர் அடிக்கும் வட்டக்காரர் ஒருவர் இருந்தார். மீன் வியாபாரம். ஒரு வருஷம் பிளேட் போடப் போகும் நேரத்தில் அவருக்கு போன் வந்தது. வேறு கட்சியிலிருந்து புதிதாக வந்த பணக்காரர் ஒருவரின் படம் வர வேண்டுமாம். "அவர் படத்தைப் பெருசாப் போடு தம்பி. என்னுத எடுத்துடு, பேரு மட்டும் கீழ இருக்கட்டும்" என்றார். காசை மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கொடுத்துவிட்டுப் போனார்.

புது ஆட்களைச் சேர்க்காமல் கட்சி வளராது, அது சரிதான். செலவுக்குப் பணமும் வேண்டும். ஆனால் வந்தவருக்கு இடம் கொடுக்க, இருந்தவரின் படத்தைத்தான் எடுக்க வேண்டுமா? அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே நகர்ந்து இடம் விட்டிருப்பார். 'அவன் எங்கே போயிடுவான்' என்கிற நினைப்புதான் இவர்களைக் கெடுக்கிறது.

பெரிய ஆட்கள் மனம் கசந்தால் ஊருக்கே தெரியும். பெரியார்-மணியம்மை திருமணத்தை ஏற்காமல் வெளியே வந்த அண்ணாவும் அவரோடு இருந்தவர்களும் 1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டத்தை நடத்திய ராபின்சன் பூங்கா இதோ ராயபுரத்தில் இருக்கிறது. அதே தி.மு.க. 1972-ல் கணக்குக் கேட்ட எம்.ஜி.ஆரை நீக்கியது. ரசிகர் மன்றங்கள் அவர் பின்னால் போயின. மறு வருஷமே திண்டுக்கல் இடைத்தேர்தல் அவர் கட்சிக்கு, 1977-ல் ஆட்சியும் அவருக்கு.

வட்டக்காரர் கட்சி ஆரம்பிக்க மாட்டார், எதிர்க் கட்சிக்கும் போக மாட்டார். ஓட்டைக்கூட அதே சின்னத்துக்குத்தான் போடுவார். தேர்தல் அன்று பூத்தில் உட்கார மாட்டார், அவ்வளவுதான். காலையில் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவதிலிருந்து, கடைசியில் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் 17சி படிவத்தின் நகலை வாங்குவது வரை அங்கே ஆள் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆளை உட்கார வைக்கலாம். பட்டியலில் உள்ளவர்களில் யார் செத்துப்போனார், குடிசையை எடுத்ததும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட யாரை ஆட்டோ வைத்துக் கூட்டிவர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தலைமைக்கு இது எதுவும் கண்ணில் படாது. கூட்டத்துக்கு நாற்காலி நிரம்பியிருக்கும், மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

எங்களுக்கு அது நோட்டீஸ் அடிக்கும்போது தெரிந்தது. தேர்தல் நோட்டீஸ் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நேரில் தெரிந்த 2 பேர் சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் வட்டக்காரர் டீக்கடையிலிருந்து ரெண்டு பேரைக் கூப்பிட்டால் 5 நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தத் தேர்தலுக்கு ஆர்டர் கொண்டுவந்தது புதியவரின் ஆபீஸ் பையன். மேட்டரும் பணமும் சரியாக இருந்தன. சாட்சிக் கையெழுத்துக்கு யார் என்று கேட்டேன். அவன் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். மத்தியானம் வரை மெஷினை ஓட்டவில்லை. ஓனர் அந்த நேரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையை ஏற்றச் சொல்லிவிட்டார்.