வாய்க்கால் கரைச் சாலையும் மினி பேருந்தும்: ஊராட்சியில் தொடங்கிய ஒரு கோரிக்கை நிறைவேறிய விதம்

காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊரையும் அதனை அடுத்த இரண்டு குடியிருப்புகளையும் மாவட்ட முக்கியச் சாலையோடு இணைக்கும் சாலை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் உடையது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதில் தார் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பெயர்ந்த ஜல்லிதான் கிடந்தது. சாலை சரியில்லை என்று பேருந்து வரவில்லை. பேருந்து ஓடாத சாலை என்று முன்னுரிமைப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டுப் பெறுவதற்காக ஊரில் சிலர் எடுத்த முயற்சியில் நான் தொடக்கம் முதல் உடனிருந்தேன். இதே நிலையில் உள்ள ஊர்களில் யாருக்கேனும் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாலை யாருடையது என்பதே. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எங்கள் ஊரார் பல ஆண்டுகளாக மனு கொடுத்து வந்தார்கள். அந்த மனுக்கள் ஒரு துறைக்கு அனுப்பப்படும். சில வாரங்கள் கழித்து, 'மேற்படி சாலை இத்துறையின் பராமரிப்பில் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும். எங்களில் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றியச் சாலைப் பதிவேட்டின் நகலைக் கேட்டார். நகல் வந்தபோதுதான் விவரம் புரிந்தது. முதல் பாதி ஊராட்சி ஒன்றியச் சாலை. அடுத்த பகுதி கிராம ஊராட்சிச் சாலை. நடுவில் வாய்க்கால் கரை மீது செல்லும் பகுதியின் நிலம் நீர்வளத்துறைக்கு உரியது. போதாக்குறைக்கு, சாலையின் தொடக்கம் பக்கத்து ஊராட்சியின் எல்லைக்குள் இருந்தது. நெடுஞ்சாலைத் துறைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை அத்துறையின் பொறுப்பு. அவற்றுக்குக் கீழே உள்ளவை ஊரக வளர்ச்சித் துறையின் பார்வையில் வருபவை. ஒன்றிய அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் உண்டு: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஊராட்சி ஒன்றியத்துக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. ஒன்றியச் சாலைக்கான மனுவை இரண்டாமவரிடம் கொடுத்தால் அது மேசை மாறுவதற்கே நாளாகும்.

2023 ஜனவரியில், 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் ஊரகச் சாலைகளை மேம்படுத்த 'முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர முடிவு செய்தோம். பழைய தீர்மானப் புத்தகத்தில் 'ஊர்ச் சாலையைச் சீரமைத்துத் தர வேண்டும்' என்ற வாசகம் ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதிய தீர்மானத்தை வைத்து எந்தப் பொறியாளராலும் மதிப்பீடு தயாரிக்க முடியாது. எனவே சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம் எவ்வளவு, எந்தெந்தப் புல எண்கள் வழியாகச் செல்கிறது, எத்தனை சிறுபாலங்கள் தேவை, அதன் வழியாகப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்கும் செல்வோர் யார் என்பதையெல்லாம் சேர்த்து எழுதி, கூட்டத்தில் வாசித்து, கூட்டத்துக்குக் குறைந்தது வர வேண்டியோரின் எண்ணிக்கை (குறைவெண் வரம்பு) நிறைந்த பின்னரே கையொப்பம் பெற்றோம். பக்கத்து ஊராட்சியிலும் இதே வாசகத்தில் தீர்மானம் வேண்டியிருந்தது. அங்கே அவர்களுடைய சொந்தச் சாலையே குண்டும் குழியுமாக இருக்கும்போது எங்களுக்காக ஏன் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. சாலையின் தொடக்கத்தில் உள்ள அவர்களுடைய தெருவின் வடிகாலையும் சேர்த்துக் கேட்பதென்று முடிவான பிறகு, மே 1 கூட்டத்தில் அவர்களும் நிறைவேற்றினார்கள்.

தீர்மானத்தை விடக் கடினமானது பணத்தின் கணக்கு. அரசமைப்புச் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணையில் சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள் ஆகியவை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களாக இருக்கின்றன. ஆனால் ஒப்படைக்கப்படும் பொருளுக்கு ஏற்ற பணம் ஊராட்சியின் கையில் இல்லை. எங்கள் ஊராட்சியின் வீட்டு வரி வருவாய் தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்குமே சரியாகிவிடுகிறது. பதினைந்தாம் நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டில்தான் மற்ற எல்லாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலிக்கும் பொருளுக்கும் 60:40 என்ற விகிதம் இருந்ததால், ஜல்லியும் தாரும் அதிகம் தேவைப்படும் பணியை அதில் எடுப்பது கடினமாக இருந்தது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஒரு தொகுதியின் அத்தனை ஊர்களும் அந்தத் தொகையைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டம், பல ஊர்களைச் சந்தையோடும் பள்ளியோடும் மருத்துவமனையோடும் இணைக்கும் முக்கிய வழித்தடங்களுக்கு முதலிடம் தந்தது. கடைசி ஊரோடு முடிந்துவிடும் எங்கள் சாலை அதில் மேலே வர வாய்ப்பில்லை. ஆகவே மாநிலத் திட்டத்தை விட்டால் வேறு வழியில்லை என்பது தெளிவாயிற்று.

அந்தத் திட்டத்துக்கான பட்டியல் ஒன்றியத்திலிருந்து மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குச் செல்ல வேண்டும். அங்கேதான் இந்த முழு அனுபவத்திலும் நான் மிகவும் கவலைப்பட்ட ஒன்றைப் பார்த்தேன். ஒன்றியக் குழுவில் எந்த நிதி வந்தாலும் வார்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஒவ்வோர் உறுப்பினருக்கும் தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களிடம் காட்ட ஏதாவது வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சாலையை அப்படிப் பிரித்தால் முந்நூறு மீட்டர் தார், அடுத்து மண், பிறகு சிறிது சிமென்ட் தளம் என்று துண்டு துண்டாகவே அமையும். எங்கள் பகுதிக் களிமண்ணில் துண்டுச் சாலையின் இரு முனைகளிலும் மழைநீர் உள்ளே இறங்கி, இரண்டு மழைக்காலத்துக்குள் தார் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கிவிடும். ஆற்றுக்குப் பாதிப் பாலம் கட்டுவதைப் போன்றதுதான் இது. ஒன்றியத்தின் சாலைகள் முழுவதையும் ஒரே வலையமைப்பாகப் பார்த்து, இந்த ஆண்டு இந்தச் சாலை முழுமையாக, அடுத்த ஆண்டு அடுத்த சாலை முழுமையாக என்று வரிசைப்படுத்துவதே சரியான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசினோம். சாலைப் பதிவேட்டின் நகலில் இருந்த எல்லா ஒன்றியச் சாலைகளையும் ஒரே வரைபடத்தில் குறித்து, எது கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதையும் எழுதிக் கொண்டுபோனோம். அந்த வரைபடம் பேச்சின் போக்கையே மாற்றியது. தம் வார்டில் ஐந்தாண்டுக்குள் போடப்பட்ட சாலை இருந்த உறுப்பினர்கள், இந்த முறை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், அடுத்த பட்டியலில் தம் பகுதிச் சாலைக்கே முதலிடம் என்பதைத் தீர்மானத்தில் எழுத வேண்டும் என்றார், அப்படியே எழுதப்பட்டது. எங்கள் சாலை முழு நீளத்துக்கும் ஒரே பணியாகப் பட்டியலில் சேர்ந்தது.

பிறகு அளவை. புலப்படத்தில் வண்டிப்பாதை புறம்போக்கின் அகலம் ஆறு மீட்டர். இரண்டாவது வளைவில் உதவிப் பொறியாளர் நாடா பிடித்துப் பார்த்தபோது நான்கு மீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் கிளுவை வேலி, மறுபக்கம் வைக்கோல் போரும் எருக்குழியும். தார்த்தளத்துக்கு மட்டும் 3.75 மீட்டர் வேண்டும். இரு ஓரமும் மண் அணைப்பு இல்லாமல் அது நிற்காது. வேலிக்கு உரியவரான பெரியவரிடம் கேட்டபோது, "வாயால சொன்னா நகர மாட்டேன் தம்பி, சர்வேயர் வந்து கல்லு நட்டா நானே நகத்திக்கிறேன்" என்றார். நில அளவையருக்கு விண்ணப்பித்துக் கல் நட்டதும், சொன்னபடியே அடுத்த வாரம் வேலியைப் பின்னுக்கு வைத்துக் கட்டினார். ஊர்க்கூட்டத்தில் நெருக்கியிருந்தால் அது பகையாக முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வாய்க்கால் கரைப் பகுதிக்கு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கரை சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சான்று வந்தது. திட்டத்தின் மொத்தத் தொகையை மொத்த நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்குச் சராசரி 40 லட்சம் ரூபாய்தான் வருகிறது. மேட்டு நிலத்துச் சாலைக்கு அது போதலாம். தடுப்புச் சுவரும் சிறுபாலமும் தேவைப்படும் கடைமடைக்குப் போதாது. மதிப்பீடு உயர்ந்ததும் கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது. சுவரைத் தவிர்த்துவிட்டுத் தாரை மட்டும் போடலாம் என்ற யோசனையும் எழுந்தது. அறுவடை இயந்திரங்களும் நெல் லாரிகளும் செல்லும் கரையில் சுவரில்லாத தார் ஒரே சம்பா பருவத்தில் வாய்க்காலுக்குள் சரிந்துவிடும் என்பதைப் புகைப்படங்களோடு எழுதிக் கொடுத்தோம். கடைசியில் சுவர் மட்டும் வேறொரு நிதியிலிருந்து தனிப் பணியாக எடுக்கப்பட்டது. இரண்டு பணிகளுக்கும் இரண்டு நிர்வாக அனுமதி, இரண்டு ஒப்பந்தப்புள்ளி என்பதால் எது முந்துவது என்ற கவலை இறுதிவரை இருந்தது.

காலமும் எங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. பணி ஆணை வழங்கப்படும் முன்பே, 2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. களத்தில் தொடங்கப்படாத பணியை அந்தக் காலத்தில் தொடங்க முடியாது. ஜூன் மாதத்தில் தேர்தல் முடிந்து ஆணை வந்தபோது சுவர் வேலை மட்டுமே தொடங்கியது. அடுத்து வடகிழக்குப் பருவமழை, அதன்பின் சம்பா அறுவடை. டெல்டாவில் தார் போடுவதற்கு மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களே தோதானவை. நிதியாண்டையும் பட்டியலையும் மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணையில் நடத்துவதால், கடைமடை ஊர்கள் ஒவ்வொரு முறையும் ஓராண்டை இழக்கின்றன. இதைத் திருத்துவதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.

இதற்கிடையில் 2025 ஜனவரி 5 அன்று எங்கள் மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தீர்மானம் போட்ட தலைவரும், விட்டுக்கொடுத்த உறுப்பினர்களும் பதவியில் இல்லாத நாளில்தான் எங்கள் சாலையில் தார் விழுந்தது. வேலை நடந்த நாள்களில் ஊர் இளைஞர்கள் முறைவைத்து நின்று, மதிப்பீட்டில் சொன்ன தடிமன் ஜல்லிப் படுகையில் இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து எழுதி வைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி முதலில் முகம் சுளித்தாலும், பின்னர் அவரே கம்பியை வாங்கிக் குத்திக் காட்டினார்.

சாலைக்கு அடுத்தது பேருந்து. சாலையைத் திட்டமிடும் துறைக்குப் பேருந்தோடு தொடர்பில்லை. பேருந்து வழித்தடத்தை முடிவு செய்யும் இடத்தில் எந்தச் சாலை எப்போது முடியும் என்ற விவரம் இல்லை. மாவட்ட ஆட்சியர் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவராகவும் இருப்பதால், இரண்டு கோப்புகளும் சந்திக்கும் மேசை அவருடையது மட்டுமே. 2025 ஜனவரியில் புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம் அறிவிக்கையானது. வழித்தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 விழுக்காடு இதுவரை பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும். எங்கள் மூன்று கிலோமீட்டரைத் தனியே வைத்துக்கொண்டு எந்த உரிமையாளரும் வண்டி ஓட்ட முன்வர மாட்டார். எனவே சுற்றியுள்ள ஊராட்சிகளில் பேருந்து இல்லாத சாலைகளைக் கோத்து, ஒன்றியத் தலைமையிடத்தில் முடியும் ஒரு வழித்தடத்தை வரைந்து, சாலை முடியும் மாதத்தையும் குறிப்பிட்டு ஆட்சியரிடம் கொடுத்தோம். கள ஆய்வுக்கு வந்தவர்கள் அதில் ஒரு திருப்பத்தை மட்டும் மாற்றினார்கள். 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. எங்கள் வழித்தடத்தில் வண்டி வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து.

பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும், சுகாதார நிலையத்துக்குச் செல்லும் முதியோருக்கும் அது பெரிய விடுதலை. ஆனால் மினி பேருந்து தனியாருடையது. மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் உண்டு, இதில் இல்லை. நடவு வேலைக்கும் நகரத்துத் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண்கள் பலர் இன்றும் முக்கியச் சாலை வரை நடந்துபோய் அரசுப் பேருந்தில் ஏறுகிறார்கள். நாள் கூலியிலிருந்து போக வர ஒரு தொகை கழிவது அவர்களுக்குச் சிறிய செய்தி அல்ல. அந்த வழியாகச் செல்லும் அரசு நகரப் பேருந்தின் காலை, மாலை நடைகளை மட்டுமாவது எங்கள் ஊர் வரை நீட்டிக்கக் கோரி, வேலைக்குச் செல்லும் பெண்களின் பெயர், புறப்படும் நேரம், இறங்கும் இடம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பணிமனைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு கொடுத்திருக்கிறோம். பேருந்து திரும்புவதற்கு இடம் போதாது என்று பணிமனையில் வாய்மொழியாகச் சொன்னார்கள். கோயிலுக்குப் பின்னால் உள்ள களத்துமேட்டுப் புறம்போக்கை அதற்கு ஒதுக்கலாம் என்று ஊரில் பேசி முடித்துவிட்டோம். அந்த இடத்தை அளந்து தருமாறு கேட்கும் விண்ணப்பம் இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.