சதை போடுவதும் சட்டை போடுவதும்

என் பையில் எப்போதும் ஒரு எண்பது பக்க நோட்டு இருக்கும். வியர்வைக் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. உள்ளே முழுக்க ஆங்கிலச் சொற்கள், எல்லாமே உடம்பையும் எடையையும் பற்றியவை. நான் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு ஜிம்மில் டிரெய்னராக இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஊரில் நான் பழகிய இடத்தை யாரும் ஜிம் என்று சொன்னதில்லை. தகரக் கொட்டகை, மண் தரை, இரண்டு கர்லாக்கட்டை, சிமென்ட் ஊற்றிச் செய்த எடைகள், அவ்வளவுதான். அண்ணாச்சி "தண்டால் அம்பது, பஸ்கி நூறு" என்பார். எடுப்போம். அங்கே ஆங்கிலம் தேவைப்படவே இல்லை.

சரவணம்பட்டி அப்படி இல்லை. சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகள். காலை ஆறு மணிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. நான் சேர்ந்த மூன்றாவது மாதம் கொல்கத்தாக்காரப் பெண் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். 'எடை கொஞ்சம் கூடுதலா இருக்கு, முட்டிக்குப் பாரம் தராத பயிற்சியா ஆரம்பிப்போம்' என்றுதான் என் மனதில் இருந்தது. வாயில் வந்தது: "யூ ஆர் வெரி ஃபேட், மேடம். நோ ஜம்பிங்."

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். குடிக்காமல் மூடினார். திரும்பவும் திறந்தார். "ஓகே" என்றார். அன்று இருபது நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டுப் போனார். மூன்று மாதத்துக்குப் பணம் கட்டியிருந்தவர் மறுபடி வரவே இல்லை.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. தமிழில் நான் அப்படிப் பேசியிருப்பேனா? முதல் தடவை பார்க்கிற ஒரு பெண்ணிடம் "நீங்க ரொம்ப குண்டா இருக்கீங்க" என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது. பூசினாற்போல என்போம், கனத்த உடம்பு என்போம், "கொஞ்சம் உடம்பு வச்சிருக்கு" என்று பக்குவமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் என் கையில் இருந்தது ஃபேட் என்ற ஒரே சொல். அதைத்தான் எடுத்து நீட்டினேன். மறுநாள் காலையில் நோட்டு வாங்கினேன்.

முதல் பக்கத்தில் டம்பெல் ராக் மாதிரி சொற்களை வரிசையாக அடுக்கினேன். கொழுகொழு என்று இருக்கும் குழந்தைக்கு சப்பி. பூசினாற்போல இருந்தால் பிளம்ப். ஓவர்வெயிட்டும் ஒபீஸும் மருத்துவர் பேசுகிற சொற்கள். இந்தப் பக்கம் வந்தால் தின் என்பது வெறும் ஒல்லி, ஸ்லிம் என்பது ஒடிசல், அதில் பாராட்டும் சேர்ந்திருக்கிறது. ஸ்கின்னி என்றால் நோஞ்சான், எலும்பும் தோலும். லீன் எனக்கு மிகவும் பிடித்த சொல். கொழுப்பு வற்றி, சதை முறுகி நிற்கிற உடம்பு. ஆனால் அதே லீன்தான் சாய்வதற்கும். "லீன் ஃபார்வர்ட்" என்றால் முன்னால் சாய். இது தெரியாமல் ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன்.

இப்படி அடுக்கியபோது ஒன்று புரிந்தது. அகராதியில் பார்த்தால் ஸ்லிம், தின், ஸ்கின்னி மூன்றுக்கும் 'மெலிந்த' என்றே போட்டிருக்கும். ஆனால் ஒரு பெண்ணை ஸ்லிம் என்றால் சிரிப்பார், ஸ்கின்னி என்றால் முகம் வாடும். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதும் சேர்ந்து தெரிய வேண்டும். அதற்கு நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நான் டிரெட்மில் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்பேன்.

அங்கே கேட்டதில் என்னை உட்கார வைத்து யோசிக்கச் சொன்ன தொடர் 'புட் ஆன்'. தீபாவளி லீவு முடிந்து வந்த ஒருவர் "ஐ ஹேவ் புட் ஆன் ஃபோர் கிலோஸ்" என்றார். எனக்குத் தெரிந்த புட் ஆன் சட்டை போடுவது. நாலு கிலோவை எப்படிப் போடுவது? வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதும்போதுதான் பொறி தட்டியது. நாமும் அதையேதானே சொல்கிறோம்! சட்டை போட்டான், சதை போட்டான். "கல்யாணத்துக்கு அப்புறம் நல்லா சதை போட்டுட்டான்" என்று எங்கள் அத்தை ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கேயோ இருக்கிற இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. அன்றைக்கு அந்தத் தொடர் மனதில் உட்கார்ந்ததுதான், இன்று வரை மறக்கவில்லை.

எடை குறைவதற்கு மட்டும் இரண்டும் வேறு வழியில் போகின்றன. ஆங்கிலத்தில் எடையை 'லூஸ்' பண்ணுகிறார்கள், அதாவது இழக்கிறார்கள். நமக்கு இளைப்பது, மெலிவது, குறைவது. விளம்பரங்களில் 'எடை இழப்பு' என்று வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். இழப்பு என்ற சொல்லைத் தமிழில் துக்க வீட்டில் அல்லவா பயன்படுத்துகிறோம். எடை குறைப்பு என்றே நான் எழுதுகிறேன்.

இந்த லூஸுக்கு ஒரு கதை உண்டு. ஜிம்மின் வெள்ளைப் பலகையில் மாதா மாதம் ஏதாவது எழுதுவது என் வேலை. ஒரு மாதம் 'எடை குறைக்க ஐந்து வழிகள்' என்பதை ஆங்கிலத்தில் எழுதியபோது லூஸுக்கு இரண்டு ஓ போட்டுவிட்டேன். மாலையில் வரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மார்க்கரை வாங்கி ஒரு ஓவை மட்டும் விரலால் அழித்தார். "தம்பி, ரெண்டு ஓ இருந்தா தொளதொளன்னு அர்த்தம். ஒரு ஓ இருந்தாத்தான் இழக்கறது. சத்தமும் வேற" என்று இரண்டையும் சொல்லிக் காட்டினார். தொளதொளப்புக்குப் பாம்பு சீறுகிற மாதிரி முடிகிறது, இழப்பதற்கு வண்டு ரீங்கரிக்கிற மாதிரி. தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். வண்டுச் சத்தத்தில் தொண்டை அதிர்கிறது, மற்றதில் அதிர்வதில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் லூஸ்தான், அதனால்தான் நம் காதுக்கு வித்தியாசம் பிடிபடாமல் போகிறது. நான் அதைப் பேன்ட்டை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டேன். பேன்ட்டுக்கு இரண்டு கால், தொளதொளப்புக்கு இரண்டு ஓ. எடையை ஒரு ஓ போட்டு லூஸ் பண்ணினால், பேன்ட் இரண்டு ஓ போட்டு லூஸ் ஆகும்.

தசைகளின் பெயரைப் படித்தபோது தமிழ் மீடியம் கைகொடுத்தது. பைசெப்ஸ், டிரைசெப்ஸ் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பொருள் கேட்டால் தெரியாது. எங்கள் பள்ளி அறிவியல் புத்தகத்தில் இருதலைத் தசை, முத்தலைத் தசை என்று இருந்தது எனக்கு நினைவு வந்தது. அதேதான். லத்தீனில் பை என்றால் இரண்டு, டிரை என்றால் மூன்று, செப்ஸ் என்பது தலை. தொடையின் குவாட்ரிசெப்ஸுக்கு நாலு தலை. மஸில் என்ற சொல்லின் மூலமும் லத்தீன்தான். அங்கே அதற்குச் சுண்டெலி என்று பொருள். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குக் காலில் மீன் தெரிந்திருக்கிறது, கெண்டைக்கால் என்று பெயர் வைத்தோம். ஆங்கிலத்தில் அந்த இடம் காஃப்; கன்றுக்குட்டிக்கும் அதே எழுத்துதான். புதிதாக வரும் தம்பிகளிடம் இதைச் சொல்லித்தான் காஃப் ரெய்ஸ் கற்றுக்கொடுக்கிறேன். குதிகாலைத் தூக்கும்போது கெண்டை துள்ளுவதைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒருவர்கூட அப்புறம் மறந்ததில்லை.

ஓவர்வெயிட் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அது ஊருக்கு ஊர் மாறுகிற சொல். பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். 1830-களில் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்டலே. அவர் மருத்துவர் அல்ல, கணிதமும் வானியலும் படித்தவர். பாடி மாஸ் இண்டெக்ஸ் என்ற பெயர் 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸும் அவர் குழுவும் வைத்தது. உலக அளவில் 25-ஐத் தொட்டால் ஓவர்வெயிட், 30-ஐத் தொட்டால் ஒபீஸ். நம் நாட்டு மருத்துவர்கள் 23, 25 என்று வைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருவதும், குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதும்தான் காரணம். 160 செ.மீ. உயரம், 62 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு 24.2 வரும். லண்டனில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் நார்மல். நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் ஓவர்வெயிட். உயரமும் எடையும் ஒன்றுதான், சொல் மட்டும் மாறுகிறது.

எனக்கு 170 செ.மீ., 78 கிலோ. கணக்குப் போட்டால் 27. நம் அளவுகோலில் நான் ஒபீஸ். இடுப்பில் டேப் வைத்தால் 81 செ.மீ.தான் வரும், ஆண்களுக்கு 90 வரைக்கும், பெண்களுக்கு 80 வரைக்கும் பயமில்லை. மீதி எடை தசை. பி.எம்.ஐ.க்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. ஆகவே எண்ணைச் சொன்ன கையோடு அந்தச் சொல்லை யார் தலையிலும் ஒட்டிவிடக் கூடாது. இப்போது மருத்துவ எழுத்துகளில் 'ஒபீஸ் பெர்சன்' என்பதைத் தவிர்த்து 'பெர்சன் வித் ஒபிஸிட்டி' என்று எழுதுகிறார்கள். ஆளை முன்னால் வைத்து, நோயைப் பின்னால் வைக்கிற முறை. ஒரு 'வித்'தில் எவ்வளவு மரியாதை வந்துவிடுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு சொல் ஃபெயிலியர். ஒரு எடையை இனிமேல் ஒரு தடவைகூடத் தூக்க முடியாது என்கிற வரைக்கும் போவதை 'டிரெயினிங் டு ஃபெயிலியர்' என்பார்கள். பன்னிரண்டாவதில் ஆங்கிலத்தில் ஒரு தடவை ஃபெயில் ஆனவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். பயிற்சியாளர் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் படிக்கும்போது முதல் முறையாக அதைப் பயமில்லாமல் எழுதினேன்.

எங்கள் ஜிம் ஃபாரத்தில் 'நோக்கம்' என்பதற்குக் கீழே வெயிட் லாஸ், வெயிட் கெயின், பாடி பில்டிங் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. அந்தக் கொல்கத்தாப் பெண் எதை நினைத்து வந்தாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நான் கேட்கவே இல்லையே. ஓனரிடம் பேசி, நாலாவதாக 'ஸ்ட்ரெங்த்' என்று ஒரு கட்டம் போட வைத்தேன். இப்போது புதிதாக யார் வந்தாலும் உடம்பைப் பற்றி முதலில் நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. "வாட் வுட் யூ லைக் டு வொர்க் ஆன்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.

அந்த நாலாவது கட்டத்தை நிரப்பியவர்களில் ஒருவர் அன்னூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் 61 வயது அம்மா. படித்துக் காட்டியதும் "பலமா? அதுதான் வேணும் தம்பி. கேஸ் சிலிண்டர நகத்தோணும், ஒவ்வொருக்காவும் வாட்ச்மேனக் கூப்பிட முடியாது" என்றார். நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ. அவருக்கு வேண்டியது டெட்லிஃப்ட். பெயரைச் சொன்னதும் முகம் சுளித்தார். டெட் என்றால் சாவு என்று தெரியுமாம். "நல்ல காரியத்துக்கு இந்தப் பேரு எதுக்கு?" என்றார். தரையில் அசையாமல் கிடக்கிற எடையைத் தூக்குவதால் அந்தப் பெயர் என்று விளக்கினேன். "ஓ, சும்மா கெடக்கறதத் தூக்கறது" என்று அவரே மொழிபெயர்த்துக்கொண்டார். எட்டுக் கிலோ கெட்டில்பெல்லில், அதாவது கைப்பிடி வைத்த எடைக்குண்டில், ஆரம்பித்தோம். முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, பாதத்தால் தரையை அழுத்தி எழுந்திருக்க வேண்டும். நாலு மாதம் ஆனது.

போன சனிக்கிழமை செட் முடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே டெக்சாஸில் இருக்கும் பேரனுக்கு வீடியோ கால் போட்டார். "கண்ணு, அம்மிச்சி இன்னைக்கு டெட்லிஃப்ட் முப்பது கிலோ. மூணு செட்டு, எட்டெட்டு ரெப்பு. முதுகு லீன் ஆகாம எடுத்தேன், தம்பியக் கேட்டுப் பாரு" என்று போனை என் பக்கம் திருப்பினார்.