வரி வாங்காத வீடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில், ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்க யாரும் கூச்சல் போட வேண்டியதில்லை. மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்க வருகிறவர்கள் அந்த வாசலில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால் போதும். 1991-இல் எங்கள் பெரியப்பாவின் வாசலை அப்படிக் கடந்து போனார்கள். கோயில் நிலத்தை ஒட்டிய ஒரு வரப்புத் தகராறுதான் காரணம். அந்த வீட்டாரோடு பேசுகிறவர்களுக்கும் அபராதம் என்று முடிவானதால், அன்றிரவு அப்பா என்னைக் கூப்பிட்டு, "பெரியப்பா வீட்டு அக்காகிட்டப் பேசாதே கண்ணு" என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது.

முதல் ஆறு மாதம் பெரியப்பா முன்னைவிட நல்லவராக இருந்தார். யாருடைய வண்டி சேற்றில் சிக்கினாலும் கேட்காமலே போய்த் தோள் கொடுத்தார். இழவு வீடுகளுக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றார். டீக்கடையில் பிறர் பேசிச் சிரித்தால் தொலைவில் நின்றபடியே தாமும் சிரித்தார். இந்தக் காட்சிக்குப் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்து உளவியல் ஆய்வுகளைப் படித்தபோதுதான் விளங்கியது. ஒதுக்கப்பட்டவர்கள் தம்மை அறியாமலேயே அடுத்தவரின் அசைவுகளை அதிகமாகப் பின்பற்றுகிறார்கள் என்றும், பிறரைப் பற்றிய சின்னச் சின்னச் செய்திகளைக் கூடுதலாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்றும் அவை காட்டியுள்ளன. உள்ளே வர ஒரு வழி இருக்கும் என்று மனம் நம்புகிற வரையில், அது அந்த வழியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

வாசலில் நிற்காமல் போவது இவ்வளவு வலிக்குமா என்று கேட்பவர்களுக்குக் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் அனுபவத்தைச் சொல்வேன். ஒரு பூங்காவில் முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் பக்கம் உருண்டு வந்தது, எடுத்து எறிந்தார், அவர்களும் சிறிது நேரம் அவரைச் சேர்த்துக்கொண்டு விளையாடிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சிறு புறக்கணிப்பே தம்மை அத்தனை வருத்தியதைக் கண்ட அவர், அதையே கணினித் திரையில் பந்தெறியும் ஆட்டமாக மாற்றி ஆராய்ந்தார். பந்தை எறியாதது மனிதர் அல்ல, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டபோதும் ஆட்டத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வலித்தது. முகம் தெரியாதவர்களின் சில நிமிட ஆட்டத்துக்கே அப்படி என்றால், காது குத்தியதிலிருந்து கல்யாணம் வரை கூட இருந்த ஒறம்பரையே, சொந்தக்காரர்களே, முகத்தைத் திருப்பிக்கொள்வதை எந்த அளவுகோலால் அளப்பது?

இரண்டாம் ஆண்டில் பெரியப்பா மாறினார். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு அணைக்கட்டு வழியாக வரும் தண்ணீரைத்தான் எங்கள் பக்கத்து வயல்கள் நம்பியிருக்கின்றன. வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். தம் முறை முடியும் முன்பே அடுத்த வயலுக்கு மடையைத் திறந்துவிடுகிற மனிதர், அந்தக் கோடையில் முறை முடிந்தும் மடையைத் திறக்காமல் மண்வெட்டியோடு குறுக்கே நின்றார். ஊர் ஒரே குரலில் சொன்னது: "பார்த்தீர்களா, இதற்காகத்தான் அவனைத் தள்ளிவைத்தோம்." காரணமும் விளைவும் இடம் மாறிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ராய் பாமைஸ்டர், ஜீன் ட்வெஞ்சி ஆகிய உளவியலாளர்கள் நடத்திய சோதனைகளில், பிற்காலத்தில் நீங்கள் தனித்துத்தான் இருப்பீர்கள் என்று மாணவர்கள் சிலரிடம் சொல்லப்பட்டது. வேறு சிலரிடம் பிற்காலத்தில் விபத்துகளில் அடிக்கடி அடிபடுவீர்கள் என்று சொல்லப்பட்டது. தனிமை என்று கேட்டவர்கள் பிறருக்கு உதவுவது குறைந்தது, அவர்களிடம் மூர்க்கம் கூடியது, யோசித்து விடை காண வேண்டிய கடினமான கேள்விகளில் தடுமாறினார்கள். விபத்து என்று கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கெட்ட செய்தி எதுவானாலும் மனிதர் கெட்டுப்போவார் என்பதல்ல இது. துணையற்றுப் போவாய் என்ற சொல்லுக்குத் தனியான ஒரு வேலை இருக்கிறது.

அக்காவைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன். முதல் சில வாரங்கள் அவள் பள்ளிக்கூடத்தில் என் மேசைமேல் ஒரு கொய்யாப்பழத்தை வைத்துவிட்டுப் போவாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் தின்றேன். பிறகு ஒருநாள் என் கணக்கு நோட்டைக் கிழித்துப் போட்டாள். நான் வீட்டுக்கு ஓடிவந்து "அக்கா கெட்டவள்" என்று சொல்லி அழுதேன். மடையடியில் ஊர் பெரியப்பாவுக்குச் செய்ததையே நான் அவளுக்குச் செய்தேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அவள் அந்த ஆண்டுத் தேர்வில் தோற்றபோது, தலைக்கனம் பிடித்தவள் என்று அதற்கும் அவள் குணத்தையே காரணமாகச் சொன்னார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு அது இரண்டு ஆண்டுகளில் முடிந்தது. பிறப்பிலேயே ஒதுக்கப்பட்டவர்களுக்கு முடிவதில்லை. இதே தாலுகாவில், கோவிந்தாபுரத்து அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் மக்கள் தங்களிடம் தீண்டாமை காட்டப்படுவதாகக் கூறியது 2017-இல் செய்தியானது. உத்தரப்பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியலாளர்கள் இருவரும் பள்ளிச் சிறுவர்களிடம் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னும் படித்தபிறகு, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். "அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

1993 நோம்பிக்கு வரி வாங்குகிறவர்கள் பெரியப்பாவின் வாசலில் நின்றார்கள். அவர் பேரம் பேசவுமில்லை, கோபப்படவுமில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியம்மா வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அட்டாலியில், பரணில், ஏறி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த தம்ளர்களை இறக்கினார். இரண்டு ஆண்டுத் தூசி அவற்றில் அப்பியிருந்தது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார். அக்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். நான் பேசலாம் என்று அப்பா தலையசைத்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.