எல்லாரும் ஸ்டேஜ் கேட்டாங்க, டைப் யாரும் கேக்கல

சித்தப்பாவுக்கு மலக்குடல்ல கேன்சர்னு தெரிஞ்சதும் தண்டையார்பேட்டைல எங்க தெருவே கேட்டது ஒரே கேள்விதான், "எத்தனாவது ஸ்டேஜ்பா?" மூணுன்னு சொன்னா உச்சு கொட்டிட்டு போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஏழு மாசம் ரத்தம் போறத மூலம்னு நெனச்சு களிம்பு தடவிக்கினு விடியகாலைல காசிமேடு மீன் ஏலத்துக்கு போயிட்டு இருந்தாரு மனுஷன், அந்த கோவம் எனக்கு இன்னும் தீரல.

பயாப்சி ரிப்போர்ட்ல 'மியூசினஸ் அடினோகார்சினோமா'ன்னு இருந்துச்சு. மலக்குடல் கேன்சர்ல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல அடினோகார்சினோமாதான், அதாவது சுரப்பி செல்லுல ஆரம்பிக்கற கேன்சர், ஆனா அதுக்குள்ளயே ரகம் இருக்கு. கட்டில பாதிக்கு மேல செல்லுக்கு வெளிய சளி மாதிரி தேங்கி நின்னா மியூசினஸ். அதே சளி செல்லுக்குள்ளயே ரொம்பி உட்கருவ ஓரத்துக்கு தள்ளிட்டா சிக்னெட் ரிங், மைக்ராஸ்கோப்ல கல்லு வச்ச மோதிரம் மாதிரியே தெரியும். அதான் மோசம். அபூர்வமாத்தான் வரும், ஆனா சின்ன வயசுக்காரங்கள அதிகமா புடிக்கும், வயித்து உள்சவ்வுல பரவும், ஒரே ஸ்டேஜா இருந்தாலும் சாதாரண ரகத்துக்கு இருக்கற ஆயுசு இதுக்கு இல்ல. சித்தப்பாவோடது அந்த அளவுக்கு இல்ல, ஆனா ரேடியேஷனுக்கு சட்டுனு மசியாது.

செல்லு தன்னோட டிஎன்ஏ பிழைய சரியா திருத்துதான்னு பாக்கற எம்எம்ஆர் டெஸ்ட்டும் எடுத்தாங்க, அது எல்லாருமே கேட்டு வாங்க வேண்டியது. அந்த திருத்தற வேலைல கோளாறு இருந்தா இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சர் மேல ஏவற மருந்து, நல்லா வேலை செய்யும், 2022ல அமெரிக்கால அந்த கோளாறு இருந்தவங்களுக்கு டோஸ்டார்லிமாப்னு அந்த மாதிரி மருந்து குடுத்ததுல மொத 12 பேருக்கும் ஆபரேஷனே இல்லாம கட்டி மறைஞ்சுது. இவருக்கு டெஸ்ட் நார்மல், ஸோ அந்த கதவு சாத்திக்கிச்சு.

அஞ்சு வாரம் ரேடியேஷன், கூடவே மாத்திரை, அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தா கட்டி அப்படியே நிக்குது. ஆபரேஷன் முடிஞ்சு வந்த ரிப்போர்ட்லயும் மறுபடி 'மியூசின்'னு பாத்துட்டு தங்கச்சி ஷேர் ஆட்டோலயே அழ ஆரம்பிச்சிட்டா. டாக்டர் அதுக்கு முன்னாடி இருந்த வார்த்தைய பேனாவால சுழிச்சு காட்டினாரு, 'ஏசெல்லுலர்'. செல்லே இல்லாத வெறும் சளி, கேன்சர் செத்துடுச்சு சளி மட்டும் தங்கிடுச்சு, எம்ஆர்ஐல கட்டின்னு பயந்ததும் அதத்தானாம்.

இப்பல்லாம் தெருவுல யாராச்சும் ஸ்டேஜ் கேட்டா சித்தப்பா, "அத உடு, என்து சளி டைப்பு"ன்றாரு.